மூன்று கல் அடுப்பின் ஊர்

வட சுமத்ராவின் மலைநாட்டில் பத்தாக் மக்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால், கைகுலுக்கிய கையோடு கேட்பது "நீங்கள் எந்த மார்கா?" என்றுதான். மார்கா என்றால் குலம். ஒருவர் சினாகா என்பார், மற்றவர் நைங்கோலான் என்பார். அதன்பிறகு கணக்கு ஆரம்பிக்கும். அம்மா எந்தக் குலத்துப் பெண், மனைவி எந்தக் குலம், குலத்தின் முதல் தகப்பனிலிருந்து எண்ணினால் நீங்கள் எத்தனையாவது தலைமுறை என்று விரல் விட்டு எண்ணுவார்கள். கணக்கு தீர்ந்ததும் இருவர் முகமும் மாறிவிடும். அதுவரை அந்நியராக நின்றவர் மாமன் ஆகிவிடுவார், அல்லது மருமகன், அல்லது தம்பி. யார் யாரை எப்படி அழைப்பது, யார் மேல் பாயில் உட்காருவது, யார் எழுந்து போய்க் காபி கொண்டுவருவது எல்லாம் அந்தக் கணக்கில் முடிவாகிவிடும்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று என்னிடம் யோசனை கேட்பதுண்டு. மலை வேண்டும், ஏரி வேண்டும், ஊட்டி கொடைக்கானல் மாதிரி வண்டிமேல் வண்டி நிற்கக் கூடாது, செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இந்தப் பத்தாக் மலைநாட்டில் இருக்கும் தோபா ஏரிக்குப் போங்கள் என்பேன். ஏரியை மட்டும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அவ்வளவு தூரம் வேண்டாம் என்றும் சொல்வேன். அந்தக் கரையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி உறவு வைத்து வாழ்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்தால் போகலாம். வயதானவன் தன் வயதை எப்படிச் சுமக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலை, மனித இனம் கண்ட வெடிப்புகளிலேயே மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது. உள்ளிருந்த குழம்பெல்லாம் வெளியேறியதும் நிலம் உள்வாங்கி, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டருக்கு மேல். இத்தனை தண்ணீரும் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பின்னால் பூமிக்குள்ளிருந்து வந்த அழுத்தம் ஏரியின் தரையையே தூக்கிவிட்டது. அப்படி எழுந்ததுதான் நடுவிலிருக்கும் சமோசிர். அதன் மேட்டில் சிடிஹோனி என்று ஒரு குட்டி ஏரியும் உண்டு. வெடிப்பின் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி நம் பக்கமும் வந்து விழுந்தது. ஆந்திரத்தில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கைத் தோண்டிப் பார்த்தபோது அதன் கீழும் கல்லாயுதங்கள் இருந்தன, மேலும் இருந்தன.

வெளியுலகத்துக்கு இந்த ஏரி வெகுகாலம் தெரியாது. 1853-இல் வான் டெர் டுயூக் என்ற டச்சு மொழியறிஞர்தான் இதைக் கண்ணால் பார்த்த முதல் ஐரோப்பியர் என்று சொல்கிறார்கள். அதற்குப் பின் ஜெர்மானியப் பாதிரிமார் வந்தார்கள், டச்சுப் படை வந்தது. அந்தப் படையை நெடுங்காலம் எதிர்த்து நின்ற குருமன்னர் பன்னிரண்டாம் சிசிங்காமங்கராஜா 1907-இல் கொல்லப்பட்டார். இன்று தோபா பத்தாக்கியரில் பெரும்பாலோர் லுத்தரன் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தில் திருமணம் முடிந்த கையோடு, முன்னோர் வகுத்த முறைப்படி நாள் முழுக்க இன்னொரு சடங்கும் நடக்கும். இரண்டையும் அவர்கள் குறைவில்லாமல் செய்கிறார்கள்.

போகிறவர்கள் பெரும்பாலும் மெடானில் இறங்கிப் பாராபாத்துக்குப் போய், படகேறி சமோசிரில் துக்துக் என்ற இடத்தில் தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். விடுதிகள் அங்கே நிறைய. நான் சொல்வது மேற்குக் கரை. தெலே மலைப்பாதையில் இறங்கினால் பூசுக் புஹித் மலையடிவாரத்தில் சியாஞ்சுர் முலாமுலா வரும். பத்தாக் குலங்கள் எல்லாவற்றுக்கும் முதல் தகப்பன் இங்கேதான் இறங்கினான் என்பது அவர்கள் நம்பிக்கை. தெற்கே போனால் சிசிங்காமங்கராஜாவின் சொந்த ஊரான பக்காரா பள்ளத்தாக்கு. மூன்று பக்கம் மலைச்சுவர், நாலாவது பக்கம் ஏரி, நடுவில் நெல்வயல். அதையும் தாண்டி முவாரா. சாலை குறுகலானது, கார் மெதுவாகத்தான் போகும். மாலையில் லாப்போ என்ற சாலையோரக் கடைகளில் ஆண்கள் கூடி, பனங்கள்ளை வைத்துக்கொண்டு கிட்டார் மீட்டிப் பல குரலில் பாடுவார்கள். கள் தொடாதவனாக இருந்தும் அந்தப் பாட்டுக்காக அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி அடுப்புக்கு வருகிறேன். அவர்கள் சமூகத்தின் அடிப்படைக்கு தாலிஹான் நா தோலு என்று பெயர். அடுப்பின் மூன்று கற்கள் என்று பொருள். ஒரு கல், நான் பெண் எடுத்த வீடு. என் அம்மாவின் பிறந்த வீடும் இதில் சேரும். இவர்கள் ஹுலா-ஹுலா. இரண்டாவது கல், என் குலத்துப் பங்காளிகள். மூன்றாவது, என் வீட்டுப் பெண்ணை மணந்துகொண்டு போன வீடு; இவர்கள் போரு. ஹுலா-ஹுலாவை வணங்கு, பங்காளியிடம் பார்த்து நட, போருவைக் கொஞ்சி அணைத்து வைத்துக்கொள் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். கல்யாணம், சாவு, புதுமனை எதுவாக இருந்தாலும் இந்த மூவரும் வந்தால்தான் நடக்கும்.

இதில் நம்மவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டுக்கு முன் வாழ்நாள் முழுக்கத் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று தலைதீபாவளியிலிருந்து வளைகாப்பு வரை வயிற்றில் நெருப்போடு இருக்கிறான். அங்கே முறை நேர் தலைகீழ். பெண் கொடுத்த வீடு மேலே, எடுத்த வீடு கீழே. உயிர் கொடுத்தவர்கள் அவர்கள், நம் வம்சம் தழைக்க மகளைத் தந்தவர்கள் அவர்கள், ஆகவே அவர்கள் ஆசி இல்லாமல் நம் வீட்டில் குழந்தையும் இல்லை, விளைச்சலும் இல்லை என்று நினைக்கிறார்கள். மாமனார் உலோஸ் என்ற கைத்தறித் துணியை மகள் தோளிலும் மருமகன் தோளிலும் சேர்த்துப் போர்த்தி, தலையில் அரிசி வைத்து வாழ்த்துகிறார். நம் அட்சதைதான், கையளவு அரிசிதான். மருமகன் அங்கே தலை குனிந்து நிற்கிறான்.

ஒவ்வொரு வீடும் ஒரு வீட்டுக்குப் பெண் கொடுத்திருக்கும், இன்னொரு வீட்டிலிருந்து எடுத்திருக்கும். ஆகவே எந்த மனிதனும் எப்போதும் மேலே இருக்க முடியாது. தன் போருவின் விருந்தில் மேல் பாயில் உட்காருகிறவர், தன் ஹுலா-ஹுலா வீட்டு விருந்தில் பந்தி பரிமாற வேண்டும். இந்தச் சுழற்சி கலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அத்தை மகளைக் கட்டுவதற்கு அங்கே தடை; மாமன் மகளைக் கட்டினால் கொண்டாட்டம். பெண் போன வழியே பெண் திரும்பி வந்தால், வணங்க வேண்டியவன் யார், வணங்கப்பட வேண்டியவன் யார் என்பது குழம்பிவிடும். தாய்மாமனை துலாங் என்கிறார்கள். மடியில் வைத்துக் காது குத்துவதிலிருந்து மாலை எடுத்துக் கொடுப்பது வரை தாய்மாமன் இல்லாமல் எதுவும் நடக்காத நமக்கு அவருடைய இடம் விளங்கிவிடும்.

சாவு வீட்டு முறை ஒன்றும் என்னை நெகிழ்த்தியது. கணவன் இறந்தால் மனைவியின் பிறந்த வீட்டார் வந்து அவள் தலையில் ஒரு உலோஸைப் போர்த்துகிறார்கள். பிறந்த வீட்டுக் கோடி நம்மிடமும் உண்டு. ஆனால் அவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. அடக்கம் முடிந்த பின் அதே பிறந்த வீட்டார் அந்தத் துணியைத் தலையிலிருந்து எடுத்து, தண்ணீர் கொண்டு அவள் முகத்தைக் கழுவிவிடுகிறார்கள். துக்கம் காத்தது போதும், இனி நீ தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அவளுடைய சொந்த ரத்தமே சொல்லிவிடுகிறது. நம் பக்கத்தில் கோடி போட்டதோடு பிறந்த வீட்டின் கடமை முடிந்துவிடுகிறது. அந்தத் துணியை எடுத்துவிட யாரும் வருவதில்லை. என் தலைமுறைப் பெண்கள் எத்தனை பேர் அந்தக் கோடிக்குள்ளேயே இருந்து முடிந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

குறையில்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். குலம் தகப்பன் வழி. பழைய முறையில் மகளுக்கு நிலத்தில் பங்கில்லை, மகன் இல்லாத வீட்டைப் பரிதாபமாகப் பார்க்கிற வழக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. முன்னோரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மஞ்சளும் எலுமிச்சையும் கலந்த நீரில் கழுவி, உயரமான கல்லறையில் மறுபடி வைக்கும் சடங்கு ஒன்று உண்டு. ஜகார்த்தாவிலும் அதற்கு அப்பாலும் பிழைக்கப் போனவர்கள் அதற்காகக் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். அந்தப் பாசம் பெரிது. ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டைவிட செத்தவர்களின் சிமென்ட் மாளிகை பெரிதாக நிற்பதை சமோசிரின் சாலையோரங்களில் பார்த்தபோது, அந்தப் பணத்தில் பாதி பிள்ளைகள் படிப்புக்குப் போயிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது.

பக்காராவிலிருந்து மலையேறினால் தோலோக் சாங்குல். அங்கே போகாமல் திரும்பாதீர்கள். நாம் வெள்ளிக்கிழமை தோறும் புகைபோடுகிற சாம்பிராணி காலங்காலமாக எடுக்கப்படும் மலைகளில் அதுவும் ஒன்று. மரத்தை அவர்கள் ஹமின்ஜோன் என்கிறார்கள். காட்டு நிழலில் வளரும் அந்த மரத்தின் பட்டையை உளியால் கீறிவிட்டு வருவார்கள். காயத்தில் பால் ஊறி, மூன்று நான்கு மாதத்தில் வெள்ளையாக இறுகும். பிறகு ஏறி ஒவ்வொரு கட்டியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மனத்தில் அழுக்கோடு காட்டுக்குள் போனால் மரம் பால் கொடுக்காது என்பது நம்பிக்கை. இஷ்டமில்லாத கல்யாணத்துக்குத் தள்ளப்பட்ட ஒரு பெண் காட்டுக்குள் ஓடி மரமானாள், அவள் கண்ணீர்தான் இந்தப் பிசின் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். 2009-இல் காகிதக் கூழுக்கான யூகலிப்டஸ் தோட்டத்துக்காக பண்டுமான், சிப்பிதுஹுதா ஊர்களின் ஹமின்ஜோன் மரங்கள் வெட்டப்பட்டபோது, அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் வந்து மறித்தார்கள். 2016 டிசம்பரில் அரசு அந்தக் காட்டை ஊரார் காடு என்று ஒப்புக்கொண்டது. இன்று நம் கடைகளில் கிடைக்கிற கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் சென்ட்டும்தான் அதிகம். அசல் கட்டி ஒன்றைத் தணலில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சாம்பிராணியும் பச்சைக் கற்பூரமும் முற்காலத்தில் மலையிலிருந்து இறங்கி மேற்குக் கடற்கரையில் பாருஸ் துறைமுகத்துக்குப் போகும். அங்கேதான் நம் ஆட்கள் இருந்தார்கள். பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது 1088-ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே கூடி, கப்பல்காரர்கள் பொன்னாகச் செலுத்த வேண்டியதை முடிவு செய்திருக்கிறார்கள். ஏரிக்கு வடக்கே காரோ மலைநாட்டில் செம்பிரிங் என்ற பெருங்குலத்தின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. தென்னிந்திய வணிகர் வழிவந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெடான் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழர் கதை வேறு. அவர்கள் 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் மெடானில் இருக்கிறது. முன்னால் வந்தவர்கள் மலைக்காரரோடு பெண் கொண்டு கொடுத்துக் கரைந்தே போனார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை.

மறுபடி ஏரிக்கு வருகிறேன். அதில் கூண்டு கட்டி மீன் வளர்க்கிற தொழில் பெருகி, சில ஆண்டுகளில் மூச்சுமுட்டிச் செத்த மீன்கள் டன் கணக்கில் மிதந்திருக்கின்றன. சடங்குக்கு உரிய ஈஹான் என்ற உள்ளூர் மீன் அரிதாகி, ஹுலா-ஹுலா கொண்டுவரும் சீர்த்தட்டில் இப்போது கெண்டைதான் இருக்கிறது. படகைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2018 ஜூன் 18 அன்று சமோசிரின் சிமனிண்டோவிலிருந்து எதிர்க்கரைக்குப் புறப்பட்ட படகு, ஏற்றக்கூடிய அளவை மீறி ஆளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொண்டு போய் மூழ்கியது. 160 பேருக்கு மேல் கிடைக்கவே இல்லை. நானூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறார்கள். உயிர்காப்புச் சட்டை கொடுக்காத படகில் கால் வைக்காதீர்கள். கூட்டம் என்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

நான் தங்கிய வீட்டுப் பெரியவர் கொள்ளுப்பேரன் கண்டவர். அங்கே முதல் பேரன் பிறந்ததும் தாத்தாவின் சொந்தப் பெயர் மறைந்து, இன்னாரின் தாத்தா என்றே ஊர் அழைக்கும். பெரியவர்களைப் பெயர் சொல்வது மரியாதைக்குறைவு. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் அவர் பெண் கொடுத்த பக்கம். மேல் பாயில் அமர்ந்திருந்தார். அறுத்த பன்றியின் தலை யாருக்கு, விலா யாருக்கு, வால்புறம் யாருக்கு என்று ஜம்பார், அதாவது பங்கு, பிரித்தார்கள். எந்தத் துண்டும் உறவுமுறைப்படி மட்டுமே போகும், பணக்காரன் என்பதால் பெரிய துண்டு கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புதிது. இறைச்சிக்கு இருப்பதைப் போல பேச்சுக்கும் அங்கே ஜம்பார் உண்டு. ஒவ்வொரு உறவுக்கும் எழுந்து பேசுகிற முறை வரும். கடைசி மூலையில் இருப்பவன் பேசும்போதும் கூட்டம் காத்திருந்து கேட்டு, "இமா துத்து" என்று, ஆம் அப்படியே ஆகட்டும் என்று, சேர்ந்து சொல்கிறது. பேசி முடிக்க மாலையாகிவிட்டது.

சில நாள் கழித்துப் பக்கத்து ஊரில் அவர் மனைவி குலத்தாரின் விருந்து. அதே பெரியவர் இடுப்பில் சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடந்தார். பரிமாறவும் சமைக்கவும் நிற்பவர்களுக்கு பார்ஹோபாஸ் என்று பெயர். மருமகப் பிள்ளைகள் இருக்கிறார்களே, நீங்கள் உட்காரக் கூடாதா என்று அவர் பேரன் வழியாகக் கேட்டேன். "இந்த வீட்டில் நான் போரு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வயதுக்காரர்களை நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றபின் நமக்கு ஒரே ஒரு இடம்தான். சாய்வு நாற்காலி. காபி அங்கே வரும், பேப்பர் அங்கே வரும், விசேஷத்துக்குப் போனால் முதல் வரிசை நாற்காலி காத்திருக்கும். காலில் விழுவார்கள், ஆசி கொடுப்போம். நம்மிடமிருந்து யாருக்கும் எந்த வேலையும் ஆக வேண்டியதில்லை. அது மரியாதைதான், ஆனால் அந்த மரியாதை நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலிருந்து வெளியே நகர்த்துகிறது. எண்பதை எட்டிய அந்த மனிதர் வாளியைத் தூக்கியபோது அவர் முகத்தில் இருந்த உயிர்ப்பை எங்கள் தெரு நாற்காலிகளில் நான் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பியதும் மகளின் மாமனார் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போய்ப் பந்தியில் சாம்பார் வாளி எடுத்தேன். முதலில் பதறினார்கள். மகள் முகம் வாடியது, அப்பாவை வேலை வாங்குகிறோமே என்று. சம்பந்தி வந்து என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கப் பார்த்து, பிடுங்க முடியாமல், ரசத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் இடையே இருந்த ஏதோ ஒரு விறைப்பு குறைந்துவிட்டது.

அங்கிருந்து நான் கிளம்புவதற்கு முன் அந்தப் பெரியவர் ஒரு பேச்சு எடுத்திருந்தார். வெளியாளைக் குலத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கு அவர்களிடம் உண்டு. குலம் தெரியாத மருமகள் வந்தாலும் அப்படித்தான் ஒரு குலத்தில் வைத்து, ஒரு தகப்பனைக் கொடுத்து, அதன்பிறகு கல்யாணம் நடத்துவார்கள். உனக்கும் ஒரு மார்கா கொடுத்துவிடலாம், ஊர் கூடி ஒரு விருந்து வைத்தால் போதும் என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குலம் என்றால் அந்தக் குலத்தின் ஒவ்வொரு சாவுக்கும் போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பங்கு போட வேண்டும். கடல் கடந்து இருந்துகொண்டு, பெயரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கடமைக்கு வராமல் இருப்பது அவர்களை ஏமாற்றுவதாகும் என்று சொல்லி, கும்பிட்டு மறுத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சரி, மறுநாள் இன்னொரு வீட்டில் விசேஷம் இருக்கிறது, குலம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பார்ஹோபாஸுக்கு ஆள் குறைவு, விடியற்காலையில் வந்து வெங்காயம் உரி என்றார். போனேன்.